நீலகிரியில் காவல் நிலையத்தோடு ஊர்க்குழு நடத்துவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் ஊர் கோத்தகிரி வட்டத்தில் இருக்கிறது. இரண்டு ஹட்டி (படுகர் ஊர்), இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்பு ஒன்று, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், கீழே இருளர் பழங்குடிக் குடியிருப்பு. எல்லாருக்கும் பேருந்து நிறுத்தம் ஒன்றுதான். அதில் மாலை நேரத்தில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பயந்து, பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகள் முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கித் தேயிலைக் காட்டு வழியாக நடந்து வர ஆரம்பித்தார்கள். அந்தி நேரத்தில் அந்தக் காட்டில் காட்டுமாடு மேயும், கரடியும் வரும். குடிகாரனுக்குப் பயந்து பிள்ளைகள் கரடி வழியில் நடக்கிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் குழு பற்றிய பேச்சே எழுந்தது.

அன்றிலிருந்து காவல் நிலையத்தோடு முதல் கூட்டம் நடக்க எட்டு மாதம் ஆயிற்று. விவரம் தெரிந்திருந்தால் ஆறே வாரத்தில் முடிந்திருக்கும். மீதி மாதங்களெல்லாம் தவறான ஆளிடம் தவறான காகிதத்தோடு நின்றதில் போனவை. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். இது ஆலோசனை சொல்லும் குழு மட்டுமே. ஊரில் எங்கே, எப்போது, என்ன தொல்லை என்று சொல்லலாம். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கலாம். யாரையும் பிடிக்கவோ, வண்டியை நிறுத்திச் சோதிக்கவோ, அடையாள அட்டை கேட்கவோ, வழக்கைப் பேசி முடிக்கவோ குழுவுக்கு அதிகாரம் கிடையாது.

1. உங்கள் நிலையம் எது என்று உறுதி செய்யுங்கள்

மலையில் இது சின்ன விஷயம் இல்லை. தபால் நிலையம் ஒரு பக்கம், ஊராட்சி அலுவலகம் ஒரு பக்கம், காவல் நிலைய எல்லை வேறு பக்கம் என்று இருக்கும். ஓடைக்கு இந்தப்புறம் ஒரு நிலையம், அந்தப்புறம் இன்னொன்று என்றும் இருக்கலாம். நாங்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு நிலையத்தில் கடிதம் கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்து, ‘உங்கள் ஊர் எங்கள் லிமிட்டில் இல்லை’ என்று திருப்பித் தந்தார்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஊரில் யாரிடமாவது பழைய முதல் தகவல் அறிக்கையோ, புகாரைப் பெற்றதற்கு நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோ இருந்தால் அதன் தலைப்பில் நிலையத்தின் பெயர் இருக்கும், அதையும் பாருங்கள். எஸ்டேட் லைன்களுக்குத் தனியாகக் கேளுங்கள். ஒரே எஸ்டேட் இரண்டு எல்லைக்குள் கிடக்கலாம்.

அப்புறம், நிலையத்தில் மூன்று பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். பொறுப்பில் இருக்கும் ஆய்வாளர் அல்லது உதவி ஆய்வாளர். உங்கள் ஊருக்குப் பீட், அதாவது ரோந்து, வரும் காவலர். மூன்றாவது ரைட்டர், அதாவது நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் காவலர். பலர் ரைட்டரைக் கண்டுகொள்வதே இல்லை. கடிதம் எந்தக் கோப்பில் போகிறது, அதிகாரி எந்த நாளில் நிலையத்தில் இருப்பார், எந்த நாளில் கோர்ட், எந்த நாளில் பந்தோபஸ்து என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

2. ஆட்களைச் சேர்ப்பது

பதினொன்றிலிருந்து பதினைந்து பேர் போதும். ஊர்க்கூட்டத்தையே அப்படியே குழுவாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தோம். அது தவறு. ஹட்டியின் ஊர்க்கூட்டத்தில் ஹட்டிக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஆண்கள். லைன் வீட்டுப் பெண்களும் இருளர் குடியிருப்புக்காரர்களும் அங்கே வந்து வாய் திறக்க மாட்டார்கள். தொல்லை அதிகம் படுபவர்களோ அவர்கள்தான்.

எங்கள் குழுவில் இப்போது இருப்பவர்கள்: இரண்டு ஹட்டியிலிருந்தும் தலா இருவர், தாயகம் திரும்பியோர் குடியிருப்பிலிருந்து இருவர், லைன் வீடுகளிலிருந்து மூன்று பேர், இருளர் குடியிருப்பிலிருந்து இருவர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, பள்ளி ஆசிரியை, ஜீப் ஓட்டுநர் ஒருவர். லைன் வீட்டு மூவரில் ஒருவர் ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் பெண். அவருக்குத் தமிழ் முழுவதும் வராது. மேஸ்திரியின் மகள் மொழிபெயர்க்கிறாள். அவர் வந்த பிறகுதான், வடமாநிலத் தொழிலாளர்களிடம் சம்பள நாளன்று பணம் பிடுங்கும் கூட்டம் ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர்களைப் பற்றித்தான் நிலையத்தில் பேசிக்கொண்டிருந்தோம், அவர்களோடு பேசவே இல்லை.

பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர், வழக்கு நிலுவையில் உள்ளவர், கள்ளத்தனமாகப் பாட்டில் விற்பவரின் உறவினர், நிலையத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் வேண்டாம். ஒருவரை மறுப்பது கஷ்டம்தான். ஆனால் முதல் நாளே மறுப்பது, பிறகு நீக்குவதைவிட எளிது.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் அதிலேயே மூன்று மாதம் தொலைத்தோம். பணம் திரட்டாத, இருபது பேருக்குக் குறைவான குழுவுக்கு ஆரம்பத்தில் அது தேவையில்லை. பதிவு செய்தால் ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்யும் வேலை சேரும்.

3. கடிதமும் இணைப்புகளும்

வாய்ப்பேச்சாகப் போய் நிற்காதீர்கள். ‘சரிங்க, பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். அதில் அவர்கள் தவறும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் இல்லையே.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு எழுதி, துணைக் கண்காணிப்பாளருக்கும் ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலருக்கும் நகல் போடுங்கள். எங்களுடையதில் இருந்த முக்கியப் பத்தி இது: ‘எங்கள் ஊராட்சிக்கு உட்பட்ட ஐந்து குடியிருப்புகளின் பிரதிநிதிகளாகிய நாங்கள், பொது இடங்களின் பாதுகாப்பு குறித்துத் தங்களோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கலந்து பேச விரும்புகிறோம். தனிநபர் புகார்களை இந்தக் கூட்டத்தில் எழுப்ப மாட்டோம். முதல் கூட்டத்துக்குக் கீழ்க்கண்ட மூன்று தேதிகளில் ஒன்றைத் தங்கள் வசதிப்படி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ இதில் இரண்டாவது வாக்கியம் ரொம்ப முக்கியம். அதைப் படித்த பிறகுதான் அதிகாரியின் முகம் இளகியது.

இணைக்க வேண்டியவை: உறுப்பினர் பெயர், குடியிருப்பு, கைபேசி எண் கொண்ட பட்டியல். குடியிருப்புகளையும் பேருந்து நிறுத்தத்தையும் காட்டும் கையால் வரைந்த வரைபடம். பேச விரும்பும் மூன்று விஷயங்கள், ஒவ்வொன்றும் இரண்டே வரியில். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் அதன் நகல். உறுப்பினர்கள் எல்லாருடைய ஆதார் நகலையும் கொடுக்க வேண்டியதில்லை. குழுவின் சார்பில் நிலையத்தோடு பேசும் தொடர்பாளர்கள் இருவரின் அடையாளச் சான்று போதும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் நிலைய முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். ‘ஐயா வந்ததும் சொல்கிறோம், வைத்துவிட்டுப் போங்கள்’ என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். எங்கள் முதல் கடிதம் அப்படித்தான் காணாமல் போனது. முத்திரை கிடைக்காவிட்டால் அதே கடிதத்தை ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

4. கிராம சபையில் தீர்மானம்

தீர்மானம் கட்டாயம் இல்லை. ஆனால் அது கையில் இருந்தால் பத்துப் பேர் விருப்பம் ஊர் விருப்பமாகிவிடுகிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்து நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். அன்று எழுந்து பேசினால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை அங்கேயே இருங்கள், மறுவாரம் நகல் கேட்டு வாங்குங்கள்.

5. எது யாருடைய வேலை

எங்கள் முதல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒரு மணி நேரம் காவல்துறை செய்யவே முடியாத விஷயங்கள். காட்டுமாடும் கரடியும் வனத்துறை. தெருவிளக்கு ஊராட்சி. பட்டா, பாதைத் தகராறு வருவாய்த்துறை அல்லது சிவில் நீதிமன்றம். பேருந்து நேரம் போக்குவரத்துக் கழகம். குடும்ப வன்முறைக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930. அவசரத்துக்கு 112.

எங்கள் பேருந்து நிறுத்தப் பிரச்சினையே இரண்டு துறைக்குச் சொந்தம். குடிப்பவர்களை விரட்ட வேண்டியது காவல்துறை. எரியாத விளக்கை மாற்ற வேண்டியது ஊராட்சி. விளக்கு எரிந்திருந்தால் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள். அதனால் இரண்டாவது கூட்டத்துக்கு ஊராட்சிச் செயலரையும் அழைத்தோம்.

6. கூட்டம் நடத்தும் விதம்

இடம்: காவல் நிலையத்திலேயே எப்போதும் வேண்டாம். ஒருமுறை நிலையம், ஒருமுறை ஊர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு என்றால் லைன் வீட்டுப் பெண்கள் வருவதில்லை. பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ வைத்தபோது வந்தார்கள்.

நேரம்: கொழுந்து எடை போடும் நேரத்தில் வைத்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், பனி இறங்கிவிட்டால் ஜீப்பும் கிடைக்காது. எங்களுக்கு ஞாயிறு காலை பதினொரு மணி ஒத்துவருகிறது.

பேச்சு: மூன்று விஷயம், அதற்கு மேல் வேண்டாம். ‘குடிகாரத் தொல்லை தாங்க முடியவில்லை’ என்றால் அதிகாரிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ‘திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, நிழற்குடையின் பின்பக்கச் சுவர் ஓரம், பள்ளிப் பேருந்து வருவது ஐந்தே முக்காலுக்கு’ என்று சொன்னபோது, அங்கேயே பீட் நேரத்தை மாற்ற ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் ஒரு பிள்ளை நோட்டில் நேரம் குறித்துக்கொண்டு வந்ததன் பலன் அது. ஆட்களின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. இடமும் நேரமும் சரியாக இருந்தால் பெயர் தேவைப்படுவதில்லை.

7. நோட்டு

குழுவின் உயிர் நோட்டில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கூட்டம் முடிந்து எழுந்திருப்பதற்கு முன்பே எழுதி, உரக்கப் படித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். என்ன சொன்னோம், யார் செய்ய ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள் – இந்த மூன்று போதும். கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். மறுநாள் அதையே கடிதமாக எழுதி நிலையத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அதே பலன்தான். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தைப் படிப்பதிலிருந்து தொடங்கட்டும். பெரியவர்கள் பேச்சை ஆரம்பித்துவிட்டால் படிப்பது நின்றுபோகும். அதனால் எங்கள் குழுவில் படிக்கும் வேலையை ஆசிரியை வைத்திருக்கிறார்.

8. குழு தொடவே கூடாதவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் எதுவும் கூட்டத்துக்கு வரக் கூடாது. தெரிந்த உடனே காவல்துறைக்கோ 1098க்கோ சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தை யார் என்று தெரியும்படி எங்கேயும் பேசுவதும் குற்றம். ‘ஊர் மானம் போகும், பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். அந்த அறையை விட்டு எழுந்து வந்து போன் செய்த பெண்தான் இன்று எங்கள் குழுவின் தொடர்பாளர். பெண்கள் மீதான வன்முறையிலும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமையிலும் இதே நிலைதான்: சமாதானம் பேச நாம் யாரும் இல்லை.

வாட்ஸ்அப்பில் சந்தேகப் படங்கள் வேண்டாம். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். எங்கள் குழுவில் படம், ஒலிப்பதிவு எதுவும் பகிரக் கூடாது என்று முதல் நாளே எழுதி வைத்தோம். கூட்டத் தேதி மட்டும் அதில் வரும்.

அடையாள அட்டை, சட்டையில் பேட்ஜ், வண்டியில் ‘காவல்’ என்ற ஸ்டிக்கர், இரவு ரோந்துக்குப் போலீசாரோடு போவது எதுவும் வேண்டாம். 2020இல் சாத்தான்குளம் தந்தை, மகன் மரணத்தை அடுத்து, போலீசாரோடு சேர்ந்து வேலை செய்த தன்னார்வலர்களின் காவல் நண்பர்கள் (ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்) அமைப்புக்கு அந்த ஜூலையிலேயே அரசு தடை விதித்தது. காவல்துறையின் கையாளாக ஊர் நம்மைப் பார்க்கத் தொடங்கினால், இருளர் குடியிருப்பிலிருந்து மறுபடி ஒருவரும் வர மாட்டார்கள்.

பணம் வசூலிக்கவும் கூடாது. நிலையத்துக்கு நாற்காலி வாங்கித் தரலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கலாம். அப்போதும் வேண்டாம்.

9. தனிப் புகார் என்றால்

கூட்டத்துக்கு வெளியே, புகார்தாரரோடு துணைக்குப் போங்கள். எழுத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். எண்ணோடு ரசீது கேளுங்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகல் இலவசம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சம்பவம் வேறு நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் பதிய மறுக்க முடியாது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் உண்டு. ‘விசாரிக்கிறோம்’ என்று சொன்னால் அந்த 14 நாளை எண்ணிக்கொள்ளுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். பதிந்த வழக்கின் நிலையை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விசாரணைக்குச் சாட்சியாகப் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். லைன் வீடுகளில் இது யாருக்கும் தெரியவில்லை.

10. சட்டப்படி ஏற்கெனவே இருக்கும் குழு

உங்கள் பகுதியில் பழங்குடி அல்லது பட்டியல் சாதி மக்கள் இருந்தால் இதை விடாதீர்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவும், வருவாய்க் கோட்ட அளவில் ஒன்றும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவை கூட வேண்டும். காவல் அதிகாரியும், அந்தச் சமூகங்களைச் சேர்ந்த அரசு சாராத உறுப்பினர்களும் அதில் உண்டு. கோத்தகிரிக்காரர்களுக்குக் கோட்டம் குன்னூர். நிலுவையில் இருக்கும் வழக்கின் எண்ணைக் குறிப்பிட்டு, அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கும்படி அங்கே எழுதுங்கள். நம் ஊர்க்குழுவில் கேட்டால் பதில் சொல்வது மரியாதைக்காக. அங்கே கேட்டால் பதில் சொல்வது சட்டப்படி.

11. நகராமல் நின்றால்

கடிதம் கொடுத்து முப்பது நாள் பாருங்கள். பிறகு துணைக் கண்காணிப்பாளரை நேரில் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உதகையில் புதன்கிழமை காவல் கண்காணிப்பாளர் அலுவலக மனு நாள், திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாள். கோத்தகிரியிலிருந்து போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் எல்லாரும் போகாமல் இருவர் போங்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100இலும் மனு பதியலாம்.

தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘எங்கள் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் மழுப்பல்தான் வரும்.

12. செலவும் காலமும்

முதல் ஆறு மாதத்தில் நகல், அஞ்சல், பேருந்து, டீ எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று. பதினான்கு பேர் பகிர்ந்துகொண்டோம். கூலிக்குப் போகிறவர்களிடம் பஸ் காசு வாங்காதீர்கள்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் முதல் கூட்டம் கேட்காதீர்கள். கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி, உதகை மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி என்று நிலையமே பந்தோபஸ்தில் இருக்கும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களும் அப்படித்தான். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் கூட்டம் ஒத்திப்போகும். பிப்ரவரியில் கடிதம், மார்ச்சில் கூட்டம், அல்லது ஜூனில் கடிதம், ஜூலையில் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. அதிகாரி மாறும்போது

மாறுவார். எங்களுக்கு ஒன்றரை ஆண்டில் மூன்று பேர் மாறினார்கள். முதல் மாற்றத்தின்போது எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டோம், நான்கு மாதம் கூட்டமே இல்லை, பேருந்து நிறுத்தத்தில் பழையபடி ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டாவது முறை, புதியவர் பொறுப்பேற்ற பத்தாம் நாள் இருவர் போனோம். நோட்டின் கடைசி மூன்று கூட்டப் பக்கங்களின் நகலும், இன்னும் முடியாத இரண்டு விஷயங்களும், அடுத்த தேதிக்கான கோரிக்கையும் கொண்டுபோனோம். முன்னவர் கையெழுத்து அதில் இருந்ததால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘அடுத்த கூட்டம் நிலையத்திலா, உங்கள் ஊரிலா?’ அங்கன்வாடியில் என்று சொல்லிவிட்டு, ரைட்டரிடம் தேதியைக் குறிக்கச் சொல்லி, முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்தோம்.